தோல் கப்பலேறியது, பழி எங்கள் மேல்

பாம்பைக் கொன்று தோல் உரித்து விற்றோம். ஆமாம், இருளர் பழங்குடிகள்தான். ஒளிக்க ஒன்றுமில்லை. சென்னைத் தோல் மண்டிக்காரர் கொடுத்த காசு அரிசிக்கும் உப்புக்கும் சரியாய்ப் போயிற்று. கப்பலேறிய தோல் ஐரோப்பாவில் கைப்பையாகி விற்றதே, அதில் எங்களுக்குச் சல்லிக்காசு வந்ததா?

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். மறுவருஷம் வாஷிங்டனில், அழியும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம். 1976-ல் இந்தியாவும் சேர்ந்தது. தோல் விற்கத் தடை வந்தது நல்லதுதான். இல்லையென்றால் செங்கல்பட்டு வயல்களில் சாரைகூட மிஞ்சியிருக்காது. ஆனால் மண்டிக்காரருக்கு விற்க வேறு தோல் இருந்தது. எங்களுக்கு? ஒருவர் கேட்டாரா? அதே சைட்டிஸ், இந்தோனேசிய மலைப்பாம்புத் தோலைக் கணக்குப் போட்டு ஏற்றுமதி செய்ய இன்றும் இடம் கொடுக்கிறது. கைப்பைக்கு வழி இருக்கிறது ஐயா, எங்கள் கஞ்சிக்குத்தான் இல்லாமல் போயிற்று!

1978-ல் பாம்பு பிடிக்கும் இருளர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் வந்தது, பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் துணையோடு. வடநெம்மேலியில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கிலிருந்தும் விஷமெடுத்து, உயிரோடு திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் விஷமுறி மருந்துக்கு அந்த விஷம் வேண்டும். அதற்கும் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று அரசாணை வரவேண்டும். சங்கத்தில் இடம் சில நூறு பேருக்குத்தான். மற்றவர்கள் பாம்பைத் தொட்டால் குற்றம்.

இங்கே மறைமலை நகரில் கம்பெனிக்குள் பாம்பு புகுந்தால் மட்டும் சட்டம் தூங்கிவிடும். "சீக்கிரம் வாய்யா" என்று செக்யூரிட்டி வாசலில் வந்து நிற்பார். எலிவளையின் வாய் வழவழவென்று மினுங்கினால் உள்ளே பாம்பு போய்வருகிறது. மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு என்று என் அண்ணன் சொல்லிவிடுவான். அதே கேட்டில் வேலை கேட்டுப் போனால் பத்தாவது பாஸா என்கிறார்கள்.

பாம்பு பிடித்தால் சிறை. பாம்பிருந்த புதரையும் கரம்பையும் புல்டோசர் தள்ளினால் அது முதலீடு. வேடந்தாங்கல், கரிக்கிலி பறவை ஏரிகள் 2022-ல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலேறின, சந்தோஷம். ஏரிப்புறம்போக்கில் கிடக்கும் எங்கள் குடிசை எந்தப் பட்டியலில்?

2017-ல் ஃப்ளோரிடாக்காரர்கள் பர்மிய மலைப்பாம்பைப் பிடிக்க முடியாமல் திணறி, எங்கள் வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும் அழைத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. சரி, அடுத்த சைட்டிஸ் கூட்டத்துக்கு எங்களில் ஒருவரை அனுப்புங்களேன். இங்கிலீஷ் தெரியாதென்று சொல்லித் தட்டிக்கழிக்காதீர்கள். ஃப்ளோரிடாவுக்கும் மொழிபெயர்ப்பாளரோடுதான் போனார்கள்.