மின்கலம் மாறினால் மின்னேற்றியும் மாற வேண்டும்

கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரியில் 'ஆதித்யா' என்ற படகு சேவைக்கு வந்தது. 75 பேர் பயணிக்கக்கூடிய அதுவே நாட்டின் முதல் சூரியசக்திப் பயணிகள் படகு. 2023 ஏப்ரலில் கொச்சி நீர்வழி மெட்ரோ தொடங்கப்பட்ட பின், மின்கலத்தில் இயங்கும் படகுகள் ஒரு பெருநகரின் அன்றாடப் போக்குவரத்தில் இடம்பெற்றுவிட்டன. உள்நாட்டு நீர்வழிப் படகுகள் தூய எரிசக்திக்கு மாறுவதற்கான 'ஹரித் நௌகா' வழிகாட்டுதல்களை மத்திய அரசு 2024 ஜனவரியில் வெளியிட்டது. டீசல் புகையும் எண்ணெய்ப் படலமும் இல்லாத நீர்நிலைகள் என்ற இலக்கு வரவேற்கத்தக்கது.

இந்த மாற்றம் குறித்த விவாதங்களில் மின்கலத்தின் விலையும் அது தரும் பயணத் தொலைவுமே பெரிதும் பேசப்படுகின்றன. அந்த மின்கலத்துக்கு எத்தனை வோல்ட் அழுத்தத்தில், எவ்வளவு மின்னோட்டத்தில், எதுவரை மின்னேற்றுவது என்பது மெக்கானிக்கின் கைப்பழக்கத்துக்கு விடப்படுகிறது. லித்தியம் மின்கலத்தின் ஆயுளையும் படகின் பாதுகாப்பையும் பெருமளவு முடிவுசெய்வது இந்த அளவுகள்தான்.

பல பத்தாண்டுகளாகப் படகுகளில் இருந்துவந்த ஈய-அமில மின்கலம் பிழை பொறுக்கும் இயல்புடையது. சற்றே அதிகமாக மின்னேற்றினால் அதிலுள்ள நீர் வாயுவாகப் பிரிந்து குறையும். வாலை வடிநீர் ஊற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கான மின்னேற்றிகளில் பல, கலங்களைச் சமன்படுத்துவதற்காக அவ்வப்போது 15 வோல்ட்டுக்கு மேலும் அழுத்தத்தை உயர்த்துகின்றன. ஈய-அமில மின்கலத்துக்கு அது மருந்து, லித்தியத்துக்கு நஞ்சு.

படகுகளில் பரவலாகப் பொருத்தப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையை எடுத்துக்கொள்வோம். இதில் ஒரு கலத்தின் உச்ச வரம்பு 3.65 வோல்ட். நான்கு கலங்கள் தொடராக இணைந்த '12 வோல்ட்' மின்கலத்துக்கு 14.6 வோல்ட்டே எல்லை, 14.2 வோல்ட் அளவில் நிறுத்திக்கொள்வது ஆயுளைக் கூட்டும். நிறைந்த பின்னும் இடைவிடாமல் உயர் அழுத்தத்தில் வைத்திருக்கக் கூடாது. நீண்ட நாள் ஓடாத படகில் ஏறத்தாழப் பாதி அளவு மின்னேற்றத்துடன் விட்டுவைப்பதே நல்லது. ஈய-அமில மின்கலத்தை எப்போதும் நிறைத்து வைக்க வேண்டும் என்ற பழைய பாடத்துக்கு இது நேர் எதிரானது.

நம்முடையதுபோன்ற வெப்ப நாட்டில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. பழைய மின்னேற்றிகள் வெப்பம் கூடினால் அழுத்தத்தைத் தாமாகவே குறைக்கும். லித்தியத்துக்கு அந்தத் திருத்தம் தேவையில்லை. அதை நீக்காவிட்டால் மின்கலம் முழுமையாக நிறையாமல் போகலாம். பெரும்பாலான மின்கலங்களில் கலங்களைச் சமப்படுத்தும் வேலை ஏறத்தாழ நிறைந்த நிலையில்தான் நடக்கும் என்பதால், அப்போது கலங்களிடையே ஏற்றத்தாழ்வு நாளடைவில் வளரும். மீதமிருப்பதாகத் திரை காட்டும் விழுக்காடும் நம்ப முடியாததாகிவிடும்.

'லித்தியம்' என்பதும் ஒரே பொருளன்று. கொச்சி நீர்வழி மெட்ரோ படகுகளில் இருப்பவை லித்தியம் டைட்டனேட் மின்கலங்கள். துறையில் நிற்கும் சில நிமிடங்களிலேயே மின்னேற்றிக்கொள்ள வல்லவை அவை. ஒரு கலத்தின் உச்ச அழுத்தம் 3 வோல்ட்டுக்கும் குறைவு. நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் வகையில் அது 4.2 வோல்ட். ஒன்றுக்கு உரிய அளவை மற்றொன்றுக்கு வைத்தால் விளைவு விபரீதமாகும். மின்னேற்றியின் மேல் 'லித்தியம்' என்று அச்சிட்டிருப்பது மட்டும் போதுமான உறுதிமொழி ஆகாது.

மின்கலத்துக்குள் காவலாக மேலாண்மைச் சுற்று இருக்கிறதே என்று கேட்கலாம். எல்லை மீறினால் அது இணைப்பைத் துண்டித்து மின்கலத்தைக் காக்கும் என்பது உண்மை. ஆனால், அது கடைசி அரணே தவிர அன்றாடக் கட்டுப்பாட்டுக் கருவி அன்று. எஞ்சினுடன் சுழலும் ஆல்டர்னேட்டர் மின்னேற்றிக்கொண்டிருக்கும்போது இணைப்பு திடீரெனத் துண்டிக்கப்பட்டால், மின்னழுத்தம் ஒரு கணத்தில் பாய்ந்து உயரும். ஆல்டர்னேட்டரின் டையோடுகள் எரியலாம். ஜிபிஎஸ், வயர்லெஸ், எக்கோ சவுண்டர் ஆகியவையும் சேர்ந்து பழுதாகலாம். மின்கலம் தப்பிக்கும், நடுக்கடலில் படகு திசையறியாமல் நிற்கும். இதனால்தான் அமெரிக்காவின் படகுகளுக்கான தொழில்நுட்ப அமைப்பு 2022-இல் வெளியிட்ட இ-13 தரநிலை, மின்கலம் துண்டிக்கப்படுவதற்கு முன்பே ஓட்டுபவருக்கு ஒளியாலோ ஒலியாலோ எச்சரிக்கை கிடைக்க வேண்டும் என்கிறது.

கருவிகளிடையே தகவல் அறுந்தால் என்ன ஆபத்து என்பதற்கு நார்வே ஓர் உதாரணம். 2015-இலேயே முழுதும் மின்கலத்தில் இயங்கும் கார் படகை இயக்கத் தொடங்கிய நாடு அது. அங்கு 2019 அக்டோபரில் ஒரு பயணிகள் படகின் மின்கல அறையில் தீப்பிடித்தது. படகு கரைக்கு வந்து, பயணிகள் இறங்கிவிட்டனர். மறுநாள் காலை, தேங்கிய வாயுவால் உள்ளே வெடிப்பு நிகழ்ந்தது. மின்னேற்ற அளவுப் பிழை அன்று அதற்குக் காரணம். குளிர்விப்பு நீர்மத்தின் கசிவே காரணமாகக் கருதப்பட்டது. ஆனால், அப்போது மின்கலத் தொகுப்புக்கும் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் இடையே தகவல் தொடர்பு இல்லை. அந்தத் தொடர்பு இல்லாமல் படகைச் செலுத்தக் கூடாது என்று நார்வே கடல்சார் ஆணையம் எச்சரித்தது. தேர்ந்த பொறியாளர்கள் உள்ள நாட்டுக்கே இந்தப் பாடம் தேவைப்பட்டது.

பெரிய படகுகளின் வடிவமைப்பிலும் சோதனையிலும் வல்லுநர்கள் இருக்கிறார்கள். கவலைக்குரியவை, பழைய மின்கலத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் லித்தியத்தைப் பொருத்திக்கொள்ளும் சிறு படகுகள். எடை குறைவு, ஆயுள் அதிகம் என்ற காரணங்களால் இந்த மாற்றம் மீன்பிடிப் படகுகளிலும் சுற்றுலாப் படகுகளிலும் வேகம் பெறவே செய்யும். மின்கலத்துக்குச் செலவிட்டவர் பழைய மின்னேற்றியையும் மாற்ற வேண்டும் என்றால் தயங்குவது இயல்பு. அந்தச் சிக்கனத்தின் விலையைக் கடலில் செலுத்த நேரும்.

சாலை வாகனங்களில் இந்தப் பாடத்தை நாம் கற்றிருக்கிறோம். 2022-இல் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த நிகழ்வுகளுக்குப் பின், மின்கலத்துடன் மின்னேற்றிக்கும் சேர்த்தே மத்திய அரசு பாதுகாப்பு விதிகளை இறுக்கியது. சாலையில் ஸ்கூட்டர் எரிந்தால் ஓட்டுபவர் விலகி ஓடலாம். படகில் இருப்பவருக்கு ஓட இடமில்லை.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளை மீன்வளத் துறை ஆய்வு செய்கிறது. மின்கலத்தின் வகை, மின்னேற்றியின் உச்ச அழுத்தம், ஆல்டர்னேட்டருக்கும் மின்கலத்துக்கும் இடையே உரிய டிசி-டிசி சார்ஜர் உள்ளதா, துண்டிப்புக்கு முன் எச்சரிக்கை ஒலிக்கிறதா என்ற நான்கு கேள்விகளை அந்த ஆய்வுப் படிவத்தில் சேர்க்கலாம். உள்நாட்டுப் படகுகளுக்கு 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின்கீழ் நடைபெறும் ஆய்விலும் இதைச் செய்யலாம். விற்பவர் தமிழில் ஓர் அளவு அட்டை தருவதைக் கட்டாயமாக்கலாம். துறைமுக ஊர்களின் எலக்ட்ரீஷியன்களுக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களில் குறுகிய காலப் பயிற்சி அளிக்கலாம்.

தூய எரிசக்திக்கு மானியம் அளிக்கும் அரசு, மின்கலத்துக்கு மட்டும் பணம் தந்துவிட்டு மின்னேற்றியை மறந்துவிடக் கூடாது. இரண்டையும் ஒரே அமைப்பாகக் கருதி, ஒன்றாகவே சோதித்துச் சான்றளிக்க வேண்டும். முதல் பெரிய விபத்து நேர்ந்த பிறகு விதிகளை எழுதுவதைவிட, வரும் தடைக்கால ஆய்விலேயே இதைத் தொடங்குவது எளிது.