வாலுக்குள் ஒரு வடம்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் மொழி. ஆயினும், தேர்த் திருவிழாவுக்குச் செல்வோரில் அச்சாணியைக் குனிந்து பார்ப்பவர் எத்தனை பேர்? கலசத்தைப் பார்ப்போம், சிற்பங்களைப் பார்ப்போம், வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அச்சாணியைப் பார்ப்பவன் தச்சன் ஒருவனே.

சென்ற கிழமை முள்ளியவளையில் நம் இல்லத்துக்கு ஒரு தந்தையும் மகனும் வந்தனர். மகன் நம்மிடம் பௌதிகம் கற்றவன். உயர்தரப் பரீட்சை எழுதிய பின், விமானங்களைப் பழுதுபார்க்கும் தொழிலைக் கற்க விழைகின்றான். தந்தையார் வயல் செய்பவர். அவருக்கு அது உவப்பாயில்லை.

“விமானம் ஓட்டப் படிக்கப்போறன் எண்டால் காணியை வித்தாவது படிப்பிப்பன், மாஸ்டர். இவன் வயர் மாத்துற வேலைக்கெல்லோ போகப்போறன் எண்டு நிக்கிறான்!”

நடந்தது இதுதான். பையன் இரத்மலானைக்குச் சென்றிருந்தபோது, சிறிய செஸ்னா விமானமொன்றின் வாற்பகுதியைத் திறந்து, பழைய ஏரியல் வடத்தைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவதைக் கண்டிருக்கிறான். கண்டதை வீட்டில் வியந்து சொல்லியிருக்கிறான். அதுவே வழக்காக நம் திண்ணைக்கு வந்தது.

வழக்கைத் தீர்க்குமுன், பொருளை விளங்கிக்கொள்வோம்.

1947 டிசெம்பர் 10 இல் எயார் சிலோனின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அக்காலத்து டக்கோட்டாக்களில், முதுகிலிருந்து வால்வரை கட்டப்பட்ட ஏரியல் கம்பி வெளியே தெரியும். இக்காலத்துச் சிறு விமானங்கள் பலவற்றில், வாலின் செங்குத்துச் சிறகுச்சியில் பூனை மீசை போல இரு கம்பிகள் மட்டும் விரிந்து நிற்கும். அவை வழிகாட்டும் வானொலிக்கு உரியவை. தரையிலுள்ள நிலையமொன்று 108 முதல் 118 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள எல்லைக்குள் இருவகைச் சைகைகளை ஒருங்கே அனுப்பும். ஒன்று எல்லாத் திசைக்கும் ஒரு தன்மையது. மற்றையது திசைக்குத் திசை வேறுபடுவது. இரண்டையும் ஒப்பிட்டு, நிலையத்துக்கு எத்திசையில் விமானம் நிற்கின்றது என்பதைக் கருவி காட்டும். செய்மதி வழிகாட்டல் பெருகிவிட்ட இந்நாளிலும், அது தவறும் வேளைக்கு இது துணையாக வைக்கப்பட்டிருக்கின்றது.

மீசை வாலில் இருக்கின்றது. கருவியோ விமானியின் முன்னே இருக்கின்றது. இரண்டையும் இணைப்பது உடலுக்குள் ஓடும் வடம். நடுவே செப்புக் கம்பி. அதனைச் சூழ்ந்து பிளாஸ்ரிக் காவலி. அதன்மேல் செப்பிழைப் பின்னல். எல்லாவற்றுக்கும் மேலே கறுப்புத் தோல். ஒன்றையொன்று சூழ்ந்த இவ்வமைப்புக்கு 1880 இலேயே இங்கிலாந்தில் ஒலிவர் ஹெவிசைட் காப்புரிமை பெற்றார். நம் வீட்டுத் தொலைக்காட்சி ஏரியலிலிருந்து இறங்குவதும் இக்குடும்பத்ததே.

இவ்வடத்துக்கும் முதுமை உண்டு. தோல் வெடிக்கின்றது. முனையில் ஈரம் புகுந்து பின்னலிற் களிம்பு ஏறுகின்றது. வெப்பத்தில் இளகிய காவலிக்குள், வளைவான இடங்களில் நடுக்கம்பி மெல்ல ஒருபுறம் ஒதுங்குகின்றது. மூன்று தெசிபெல் இழப்பு என்றால், ஏரியல் பெற்ற வலுவில் பாதி வழியிலேயே போயிற்று என்பது பொருள். அப்போது விமானி கருவியைத்தான் குறை கூறுவான். நாமும் அப்படித்தான். வீட்டுத் தொலைக்காட்சியில் புள்ளிமழை பெய்தபோது பெட்டியைக் கடைக்குச் சுமந்தோம், ஏரியலைத் திருப்பினோம், கடைசியாகத்தான் கம்பியைப் பார்த்தோம். வெயிலில் அது சோளப்பொரி போல் வெளிறி உதிர்ந்தது.

செஸ்னா 172 என்ற சிறு விமானம் 1956 இல் உற்பத்திக்கு வந்தது. இதுவரை 44,000 க்கு மேற்பட்டவை கட்டப்பட்டுள்ளன. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பிறந்தவை பல இன்றும் பறக்கின்றன. இயந்திரம் புதிதாகும், வர்ணம் புதிதாகும், வாலுக்குள் இருக்கும் வடம் மட்டும் பழையதாகவே இருந்துவிடக்கூடும்.

அதனை மாற்றுவது எளிதன்று. பின்பாரம் கூடினால் விமானம் குந்திவிடும். ஆகவே முதலில் வாலுக்கு முட்டுக்கொடுக்க வேண்டும். பொதிகள் வைக்கும் இடத்தின் பின்புறத்தைத் திறந்து, ஒடுங்கிய கூட்டுக்குள், மெல்லிய தகடு நெளியாதபடி பலகை பரப்பி ஊர்ந்து செல்லவேண்டும். பழைய வடத்தின் முனையிற் புதியதைக் கட்டி இழுப்பர். பழையது வெளியேறும்போதே புதியதற்கு வழியும் காட்டிச் செல்கின்றது.

அபாயம் இருக்குமிடம் இனித்தான் வருகின்றது. அதே கூட்டுக்குள், வாலின் சுக்கானை அசைக்கும் உருக்குக் கயிறுகளும் ஓடுகின்றன. ஏரியல் வடம் தளர்ந்து அவற்றில் உராய்ந்தால், அல்லது சிக்கினால், வானொலி கேட்குமா என்பது ஒரு கேள்வியே அன்று. விமானம் திரும்புமா என்பதே கேள்வி. எனவே வடத்தை விலக்கிக் கட்டுவர். கட்டிய பின் சுக்கானை இருபுறமும் கடைசி எல்லைவரை அசைத்துப் பார்ப்பர். உள்ளே கொண்டுசென்ற ஆயுதங்களை எண்ணி வெளியே எடுப்பர்.

கம்பிதானே என்று எண்ணியதன் விலையை உலகம் அறியும். 1996 யூலை 17 இல் நியூயோர்க்கிலிருந்து புறப்பட்ட போயிங் 747 ஒன்று வானில் வெடித்து 230 பேர் மாண்டனர். அதன் நடு எரிபொருள் தாங்கியில் ஆவி பற்றியது. வெளியே வயர்களில் நேர்ந்த குறுக்குச்சுற்றே பெரும்பாலும் காரணம் என விசாரணையாளர் கருதினர். அவ்விமானத்தின் வயது இருபத்தைந்து. 1998 செப்ரெம்பர் 2 இல் கனடாவின் கரையருகே சுவிஸ்எயார் விமானம் விழுந்து 229 பேர் இறந்தனர். அங்கும் தீயின் தொடக்கம் வயரில் எழுந்த மின்பொறியே என்று கொள்ளப்பட்டது. அவ்விமானத்துக்கோ வயது ஏழுதான். ஆகவே பழமை மட்டும் குற்றவாளியன்று. கவனக்குறைவுக்கு வயது இல்லை. அவை மின்வலு சுமந்த வயர்கள். நமது ஏரியல் வடம் அவ்வாறு தீ மூட்டுவதில்லை. ஆனால் இரண்டும் கற்பிக்கும் பாடம் ஒன்றே.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபோது தந்தையார் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் ஒரு கேள்வி கேட்டார்.

“அப்ப, மாஸ்டர், அந்த வயரை ஆர் மாத்தினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாதோ?”

“தெரியும், ஐயா. விமானத்துக்கென்று ஒரு பதிவேடு உண்டு. என்ன வேலை, எந்த நாள் என்று எழுதிப் பொறுப்பாளர் கையொப்பம் இடவேண்டும். அதன் பிறகுதான் விமானம் எழும்பலாம். ஓட்டுபவர் அந்தக் கையொப்பத்தை நம்பித்தான் ஏறுகிறார்.”

அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். வயலில் வரம்பு கட்டுபவருக்கு அது விளங்காததன்று. மடை உடைந்தால் கட்டியவன் எவன் என்று ஊரே கேட்குமல்லவா?

மாணவர்களே, பிறர் காணும் வேலையை நன்றாகச் செய்வது புகழுக்கு ஏது. எவரும் காணாத இடத்தில், தகட்டை மூடியபின் எவரும் திறந்து பாராத இடத்தில், அதே நேர்மையோடு செய்வது தொழிலறம். பெற்றோர்களே, பிள்ளை எந்தத் தொழிலுக்குப் போகிறான் என்று கேட்குமுன், எப்படிச் செய்வான் என்று கேளுங்கள்.

விடைபெறும்போது தந்தையார் படலையில் நின்று மகனுக்குச் சொன்னது நம் காதில் விழுந்தது:

“போறதெண்டால் போ. ஆனால் முதல்ல உன்ர கையெழுத்தைத் திருத்து.”