உறை வேண்டும், உறை தைத்தவன் வேண்டாமா?

"அந்தக் காலத்துக் கைவேலை இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறது?" என்று பெருமூச்செறிவது நம்மவரிடையே ஒரு நாகரிகமாகிவிட்டது. கைப்பணிக் கண்காட்சிகள் நடக்கின்றன. மேடையேறுகிற பேச்சாளர், நம் தொழில்கள் அழிந்துவிட்டன, மறைந்துவிட்டன, மறக்கப்பட்டுவிட்டன என்று கண்கலங்குகிறார். யார் அழித்தார்கள், யாருக்கு அஞ்சி மறைந்தன, எதை மறக்க விரும்பி மறந்தார்கள் என்ற கேள்விகளுக்கு அந்தக் கண்ணீரில் இடமில்லை. அக்கேள்விகளை நாம் இங்கே கேட்க விரும்புகிறோம். அதற்குச் சிற்பமோ சித்திரமோ வேண்டியதில்லை. ஒரு கத்தியுறை போதும்.

பூநகரியை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணக் கடனீரேரியின் தென்கரையில், பனங்கூடலும் வயலும் கடலும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் மண் அது. மொட்டைக்கறுப்பன் அரிசிக்குப் பேர்போன ஊர். அதன் தொன்மையைப் பற்றிப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் 1993 இல் ஒரு தனி நூலே வெளியிட்டார். அதே 1993 இன் நவம்பரிலும், பின்னர் 2008 நவம்பரிலும் போர் அந்த மண்ணைப் புரட்டிப் போட்டது. இடம்பெயர்ந்து மீண்டு வந்தவர்கள் பற்றைக்காட்டை வெட்டி விலக்கித்தான் தத்தம் வளவின் எல்லையைக் கண்டார்கள். வேலி அடைக்கக் கத்தி. ஓலை வெட்டக் கத்தி. மீன் அரியக் கத்தி. பாளை சீவக் கத்தி. பட்டினத்தான் கத்தி என்றவுடன் சண்டையை நினைக்கிறான். பூநகரியான் சோற்றை நினைக்கிறான்.

இந்தக் கத்திகள் மடங்குவதில்லை. கைப்பிடியினுள் அலகு அசையாமல் இறுகி நிற்கும். ஆகவே கையிலில்லாத வேளையில் அந்தக் கூரை எங்கே வைப்பது என்பது பெரிய கேள்வி. சீவல் தொழிலாளி இதற்குப் பழங்காலத்திலேயே விடை கண்டவன். இயனக்கூட்டை இடுப்பிற் கட்டிக்கொண்டுதான் அவன் மரத்தில் ஏறுகிறான். பாளையை மெல்லிய சீவலாகச் சீவவேண்டிய கத்தி சவரக்கத்திக்கு ஈடான கூருடையது. அதை வெறுமனே அரையிற் செருகி ஏறுவது உயிரோடு விளையாடுவது என்பதை அவனுக்கு எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. ஆனால் காடு வெட்டுபவனும் வேலி அடைப்பவனும் வலை பிரிப்பவனும் என்ன செய்கிறார்கள்? சாக்குத் துண்டிற் சுற்றுகிறார்கள். பிளாஸ்ரிக் குழாயை நெருப்பிற் காட்டி நசுக்கிச் செருகுகிறார்கள். சைக்கிளின் பின்னால் இறப்பர் நாடாவால் கட்டிக்கொண்டு போகிறார்கள். சாக்கு ஈரத்தைப் பிடித்து அலகைத் துருவாக்கும். சூட்டில் நசுக்கிய குழாய் வெயிலில் வெடிக்கும். நாடா அறுந்தால் தொடையோ குதிகாலோ அறுபடும்.

"கடையில் வாங்கலாமே" என்பார்கள். 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதன் பின் கடைச் சரக்குக்குப் பாதை எளிதாயிற்று என்பது உண்மைதான். ஆனால் கடையில் தொங்கும் நைலோன் உறை, தொழிற்சாலையில் ஒரே அச்சில் வார்த்த கத்திக்காகத் தைக்கப்பட்டது. நம் கொல்லன் லொறியின் வில்லுத்தகட்டைக் காய்ச்சி அடித்த கத்தி எந்த அச்சிலும் வார்க்கப்படாதது. ஒன்றின் வளைவு மற்றொன்றுக்கு இல்லை. ஒன்றின் தடிப்பு மற்றொன்றுக்கு இல்லை. கையால் அடித்த கத்திக்குக் கையால் அளவெடுத்துத் தைத்த உறைதான் பொருந்தும். அதற்கேற்றது தோல்.

அந்த வேலை எத்தகையது என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம். ஏனெனில் நம் வழக்கின் சாட்சியம் அதிலேதான் இருக்கிறது. பட்டைச்சாற்றிற் பதனிட்ட, மூன்று நான்கு மில்லிமீற்றர் தடிப்புள்ள மாட்டுத்தோல் வேண்டும். செருப்புக்கு மேலிடும் மெல்லிய தோல் இதற்கு ஆகாது. கத்தியைத் தோலின்மேல் கிடத்தி வரைந்து, தையலுக்கு இடம் விட்டு வெட்டவேண்டும். வெட்டிய தோலை நீரில் நனைத்து, கத்தியை மெழுகுதாளிற் பொதிந்து அதனுள் வைத்து, விரலாலும் எலும்பாலும் அழுத்தி வடிவம் பிடிக்கவேண்டும். நிழலிற் காய்ந்ததும் தோல் அந்த வடிவத்தை மறவாது. பிறகு இரண்டு தோல்களுக்கும் நடுவே, அலகின் கூர்ப்பக்கமாக, மூன்றாவதாக ஒரு தோற்பட்டையைச் செருகவேண்டும். இந்தப் பட்டை இல்லாத உறையில், கத்தியை உருவும்போதெல்லாம் கூர் நூலைத் தொட்டு அறுக்கும். ஒருநாள் தையல் பிரிந்து கத்தி கையை அறுக்கும். துளைகளை ஒரே இடைவெளியிற் குத்தி, மெழுகிட்ட நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இருபுறமிருந்தும் இழுத்துத் தைக்கவேண்டும். இப்படித் தைத்தால் ஓரிடத்தில் ஓரிழை அறுந்தாலும் மற்ற இழை பிடித்து நிற்கும். யந்திரத் தையலுக்கு அந்த உறுதி இல்லை. ஓரம் தேய்த்து, தேன்மெழுகு உருக்கிப் பூசிய பின்னரே வேலை முடிகிறது.

இதில் எது அறிவில்லாத வேலை? அளவையியல் இருக்கிறது, பொருளின் இயல்பை அறிந்த அறிவு இருக்கிறது, உருவுபவனின் கையை முன்கூட்டியே நினைத்துப் பார்க்கும் மனிதாபிமானம் இருக்கிறது. தோலைப் பதனிடுவதோ அதனினும் நுட்பமான இரசாயனம். உப்பிட்டு, சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சதை சீவி, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் நாட்கணக்காகக் கிடத்தினாலன்றி அழுகும் பொருள் அழியாப் பொருளாகாது. அந்த ஆவாரை வன்னியின் வறண்ட நிலங்களிலும் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கிறது. மாடும் இங்கே உண்டு. பட்டையும் தோலும் கத்தியும் இருக்க, உறை மட்டும் இல்லை. ஏன்?

கைகள் போய்விட்டன. அந்தக் கைகளை நாம்தான் துரத்தினோம்.

எவ்வளவு காலமாக? புறநானூற்றின் எண்பத்திரண்டாம் பாட்டைப் புரட்டிப் பாருங்கள். சாத்தந்தையார் தம் மன்னனின் போர் விரைவுக்கு உவமை தேடுகிறார். ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், வானத்தில் மழை, பொழுதும் சாய்கிறது. அந்த அவதியில் தோல்வாரால் கட்டில் பிணிக்கும் ஒருவனுடைய கையூசியின் வேகம் புலவருக்கு அகப்படுகிறது. உலக இலக்கியத்தில் உழைப்பாளியின் கைவேகத்தை இவ்வளவு கூர்ந்து நோக்கிய வரிகள் பலவில்லை. ஆனால் அந்த மனிதனைக் குறிக்க அவர் ஆண்ட சொல் 'இழிசினன்'. கை மன்னனின் புகழுக்கு உவமையாயிற்று, கைக்குரியவன் இழிந்தவனானான். வேலையைப் புகழ்ந்து, வேலைக்காரனைத் தள்ளிவைக்கும் நம் சமூகத்தின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் எழுதியதில்லை.

அதே இலக்கணம் கோயிலிலும் நடந்தது. தவிலின் தோல் மூலஸ்தானத்து வாசல்வரை முழங்கியது. தோலைத் தொட்டவன் வீதிக்கு வெளியே நிறுத்தப்பட்டான். இலங்கையில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் வந்தது. சட்டம் வந்து ஒன்பது ஆண்டுகள் கழித்தும், 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போய்த்தான் தேநீர்க்கடையிலும் கோயிலிலும் சமத்துவம் கேட்கவேண்டியிருந்தது. அப்படிப்பட்ட மண்ணில், தோல்வேலை செய்தவனின் மகன் ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பாடசாலைக்குப் போனான் என்றால், அது கலையின் அழிவன்று. ஒரு மனிதனின் விடுதலை. அவன் வைத்துவிட்டுப் போன ஊசியைப் பார்த்துக் கண்ணீர் வடிப்பவர், அவன் முதுகில் நாம் எழுதியிருந்த பெயரையும் பார்க்கவேண்டும்.

"அதில் நல்ல வருமானம் இருந்ததே, ஏன் விட்டார்கள்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் எப்போதோ சொல்லப்பட்டாயிற்று. 1927 இல் மகாத் மாநாட்டில், செத்த மாட்டை இழுப்பதை விட்டுவிடும்படி தம் மக்களுக்கு அம்பேத்கர் சொன்னார். தோலும் கொம்பும் தரும் ஆதாயத்தை இவர்கள் இழக்கிறார்களே என்று சிலர் கணக்குப் போட்டுக் காட்டினர். ஆதாயம் அவ்வளவு பெரிதென்றால் நீங்களே அதைச் செய்து எடுத்துக்கொள்ளுங்கள் என்ற பொருள்படத் தாம் விடையிறுத்ததை, 1956 ஒக்டோபர் 15 நாகபுரி உரையில் அவரே நினைவுகூர்ந்தார். அந்த அழைப்பை ஏற்று எத்தனை மேற்சாதிக் கரங்கள் நீண்டன? 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், இறந்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாக அவ்வினத்தார் செத்த மாடுகளை அரச அலுவலகத்தின் முன்னே கொண்டுவந்து போட்டுவிட்டு, இனி நீங்களே பாருங்கள் என்றார்கள். தோலைத் தொட்டாலும் குற்றம், தொடாவிட்டாலும் குற்றம் என்னும் சமூகத்துக்கு அதைவிடத் தக்க பதில் வேறென்ன?

சாதித் தொழிலைத் தொழிற்சாலைத் தொழிலாக்கிவிட்டாற் போதும் என்பாரும் உளர். போதாது. திண்டுக்கல் தோற்பதனிடும் தொழிலாளரின் வாழ்வை டி. செல்வராஜ் 'தோல்' என்னும் நாவலாக்கினார். 2012 இல் அதற்குச் சாகித்ய அக்கடமிப் பரிசு கிடைத்தது. சுண்ணாம்புக் குழியில் நின்று தன் தோலையும் பதனிட்டுக்கொள்ளும் மனிதனை அதிலே காணலாம். 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் தோற்கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்மேல் சேறு பாய்ந்து பத்துப் பேர் மாண்டனர். சாதியை முதலாளியிடம் குத்தகைக்கு விட்டால் அது ஒழிந்துவிடாது. கூலிக் கணக்கில் ஒளிந்துகொள்ளும்.

அப்படியானால் பூநகரியான் கத்தியைச் சாக்கிற் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டுமா? இல்லை. உறை வேண்டும் என்பதே நம் கட்சி. தொழிலாளியின் தொடையைக் காப்பது ஆடம்பரமன்று, அது தொழிற்பாதுகாப்பு. கத்திக்குக் கடன் கொடுக்கும் சங்கம் உறைக்கும் கொடுக்கவேண்டும். தச்சும் கம்மியமும் கற்பிக்கும் தொழிற்கல்விக் கூடங்களில் தோல்வேலையும் ஒரு பாடமாகவேண்டும். அந்த வாங்கில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அமரவேண்டும். சிறப்பாக, அந்த ஊசியைத் தலைமுறை தலைமுறையாகத் தொடாத வீட்டுப் பிள்ளைகள் அமரவேண்டும். தையலுக்குச் சென்ற மணித்தியாலங்களைக் கணக்கிட்டுக் கூலி கொடுக்கவேண்டும். பாதி விலைக்குப் பேரம் பேசிவிட்டு, கண்காட்சியில் அதே உறையைக் 'கலைச்செல்வம்' என்று போற்றுவது திருட்டுக்குச் சூட்டும் மாலை.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே, இதில் உங்கள் பங்கு பெரிது. ஒரு தொழிலின் பெயரை வகுப்பறையில் வசைச்சொல்லாக வழங்க விடும்வரை, அந்தத் தொழிலை எந்தத் திட்டமும் உயிர்ப்பிக்காது. பிள்ளைக்குப் புறநானூற்றைக் கற்பிக்கும்போது உவமையின் அழகோடு நின்றுவிடாதீர்கள். அந்தச் சொல்லின் கொடுமையையும் கற்பியுங்கள்.

ஓர் உறையில் இரண்டு வாள் இடங்கொள்ளாது என்பது நம் பழமொழி. கைவேலையின்மேல் காதலும் கைவேலை செய்பவன்மேல் இளக்காரமும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியாது. இத்தனை காலமும் நாம் காதலை வாயில் வைத்துக்கொண்டு, இளக்காரத்தை நெஞ்சில் வைத்திருந்தோம். அதை வெளியே எடுத்தெறிந்தாலன்றி, நமக்கு உறை தைத்துத் தர எவரும் வரப்போவதில்லை. வரவேண்டிய கடமையும் எவருக்கும் இல்லை.