‘அவராத்தான் இறங்கினார்’

கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் செத்துப்போனால் முதலாளி தரப்பிலிருந்து வரும் முதல் வாக்கியம் இதுதான். ஓட்டல்காரர், லாட்ஜ்காரர், கல்யாண மண்டபத்துக்காரர், சாயப்பட்டறை ஓனர், யாராக இருந்தாலும் சரி. அடுத்து, "நாங்க கான்ட்ராக்டர்கிட்டதான் விட்டிருந்தோம்." மூன்றாவதை ஊர்ப் பெரியவர் யாராவது வந்து சொல்வார்: "பேசி முடிச்சிக்கலாம்."

ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யத் தேதி தவறாத, உணவுப் பாதுகாப்பு உரிமத்தைக் கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டிவைத்திருக்கிற நம் சிறு முதலாளிகளுக்கு இந்த ஒரு சட்டம் மட்டும் தெரியாதாம். நாங்கள் நம்பவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறோம்.

கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கவசமோ கருவியோ இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறக்குவதைக் குற்றம் என்கிறது. ஒரு கயிறும் வாளியும் ஒரு குவார்ட்டரும் பாதுகாப்புக் கருவி ஆகாது. முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை 5 ஆண்டு, 5 லட்சம் வரை. ஜாமீனில் விட முடியாத குற்றம். இதற்கு யாரும் சாக வேண்டியதில்லை; இறக்கினாலே வழக்குதான். ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ’ என்று சட்டமே எழுதியிருப்பதால் கான்ட்ராக்டர் முதுகுக்குப் பின்னால் ஒளியவும் இடமில்லை.

"அவராத்தான் இறங்கினார்" என்பவர்களிடம் ஒன்று கேட்கிறோம். தொட்டி நிரம்பியதும் நீங்கள் போன் போட்டது எந்தத் தெருவுக்கு? அந்த வேலைக்கு உங்கள் சொந்தக்காரப் பையன் யாரையாவது நினைத்துப் பார்த்தீர்களா? அருந்ததியர் தெருவுக்கு ஆள் அனுப்பத் தெரிந்தவருக்குச் சாதி தெரியாது என்று சொல்ல முடியாது. பட்டியல் சாதியினரை மலம் அள்ள வைப்பது, 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் குற்றம்: 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை.

உள்ளே இருப்பது நாற்றம் மட்டுமல்ல. ஹைட்ரஜன் சல்பைடு வாயு அளவு கூடும்போது மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். ஆபத்து இருப்பதே தெரியாது. அதனால்தான் காப்பாற்ற இறங்கும் அண்ணனோ மகனோ சேர்ந்து சாகிறார்கள்.

பேசி முடிப்பதைப் பற்றி. 1993 முதல் நடந்த சாவுகளுக்குத் தலா 10 லட்சம் தரச் சொன்னது உச்ச நீதிமன்றம், 2014இல். 2023 அக்டோபர் 20 அன்று அதை 30 லட்சம் ஆக்கியது. அது அரசு தர வேண்டிய பணம், குடும்பத்தின் உரிமை. பிணவறை வாசலில் நீங்கள் நீட்டும் கவரால் அதுவும் போகாது, உங்கள் மீதான வழக்கும் போகாது.

இத்தனைக்கும் மாற்று கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியைக் கூப்பிடலாம், 14420க்குப் போன் செய்யலாம். லாரிக்காரர் கேட்கும் கூலி அதிகமாகத் தெரிகிறது, ஆள் மலிவாகக் கிடைக்கிறார். கணக்கு அவ்வளவுதான்.

எங்கள் பக்கக் கணக்கும் ஒன்று உண்டு. எந்த ஊரில் சாவு நடந்தாலும் நாங்கள் முதலில் கேட்பது எஃப்.ஐ.ஆர். நகலை. ‘கவனக்குறைவால் மரணம்’ என்று மட்டும் எழுதி முடித்திருந்தால், 2013 சட்டத்தையும் வன்கொடுமைச் சட்டத்தையும் சேர்க்கும்வரை காவல் நிலைய வாசலை விட்டு நகர மாட்டோம்.