ரிங் மட்டும் மாத்தினா போதுமா?

பழைய அம்பாசடர் வச்சிருக்கிறவங்க ஊர்ப்பக்கம் இன்னும் இருக்காங்க. வண்டி நீலப் புகை தள்ள ஆரம்பிச்சா எல்லாரும் சொல்ற வைத்தியம் ஒண்ணே ஒண்ணு. "அண்ணே, ஒரு ரிங் செட் போட்டுட்டா சரியாயிடும்ணே." இந்தப் பேச்சை நான் ஒத்துக்கவே மாட்டேன். போரை அளக்காம ரிங் வாங்குறதும், மண்ணைப் பாக்காம விதை வாங்குறதும் ஒண்ணுதான்.

1489 சிசி பெட்ரோல் இன்ஜினோட போர் 73 மில்லிமீட்டர் சொச்சம், இஞ்ச் கணக்குல 2.875. போர் மேலருந்து கீழ வரைக்கும் ஒரே மாதிரி தேயாது. மேல் ரிங் வந்து திரும்புற இடத்துலதான் தேய்மானம் அதிகம். கீழ்ப்பக்கம் கிட்டத்தட்ட புதுசாவே இருக்கும். அதனால பிஸ்டன் மேல வரும்போது ரிங் விரியுது, கீழ போகும்போது சுருங்குது. நிமிஷத்துக்கு 2000 சுத்துன்னா 2000 தடவை இந்தக் கூத்து. எந்த ரிங் தாங்கும்? போதாக்குறைக்கு மேல நிக்குற விளிம்பை எடுக்காம விட்டா, புது ரிங் அதுல இடிச்சு ஒடியும்.

இதைக் கண்டுபிடிக்க பெரிய கருவி வேண்டாம். ஒரு ரிங்கைப் போருக்குள்ள விட்டு, பிஸ்டனைத் தலைகீழாப் பிடிச்சு நேராத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபில்லர் கேஜால மேல ஒரு தடவை, கீழ ஒரு தடவை பாருங்க. கீழ 12 தௌ, மேல 40 தௌன்னு வச்சுக்குங்க. வித்தியாசம் 28. அதை 3.14-ஆல வகுத்தா 9 தௌ. அவ்வளவு தேஞ்சிருக்கு. என் கணக்குல அது போரிங் கேஸ், ரிங் கேஸ் இல்ல.

இன்னும் மோசமானது, 20 தௌ ஓவர் சைஸ் ரிங்கை வாங்கி அரம் போட்டு ராவி ஸ்டாண்டர்ட் போருல திணிக்கிறது. அதுக்கு வாயில 63 தௌ ராவணும். ராவினா வாய்தான் சேரும், வட்டம் சேராது. ரிங் தன்னோட அளவுலதான் வட்டமா நிக்கும். சின்ன போருல ஒரு பக்கம் அழுத்தும், ஒரு பக்கம் வெளிச்சம் தெரியும். அந்த வெளிச்சம் வழியாத்தான் கம்ப்ரஷனும் போகும், உங்க காசும் போகும்.

அடுத்தது "குரோம் ரிங்தான் பெஸ்ட்"னு கடைக்காரர் சொல்றது. குரோம் நல்லா உழைக்கும், இல்லேங்கல. ஆனா அது மெதுவாத்தான் படியும், அதுக்கு ஹோனிங் கோடு சுத்தமா விழுந்த போர் வேணும். கண்ணாடி மாதிரி வழுவழுன்னு ஆன பழைய போருல போட்டா கடைசி வரைக்கும் படியாம எண்ணெய் குடிக்கும். குரோம் பூசின லைனர்ல குரோம் ரிங் போடவே கூடாது. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போற வண்டிக்கு சாதா வார்ப்பிரும்பு ரிங்கே தாராளம்.

போரிங் செலவு கூடத்தான். ஆனா அம்பாசடர் உத்தர்பாராவுல 2014-லயே நின்னு போச்சு. இனி புது பிளாக் அங்கிருந்து வராது. ஒடிஞ்ச ரிங் போருல ஒரு கோடு இழுத்தா, 10 தௌல முடிய வேண்டியது 30, 40-க்குப் போகும். அதையும் தாண்டினா பெரும்பாலும் ஸ்லீவ்தான். இன்னிக்கு மிச்சம் பிடிக்கிற காசுக்கு நாளைக்கு இன்ஜினையே விலையாக் குடுக்கிறோம்.

அதனால அடுத்த தடவை "ரிங் போதும்"னு யாராவது சொன்னா, திட்டாதீங்க. "மேல எவ்வளவு, கீழ எவ்வளவு?"ன்னு ரெண்டே நம்பர் கேளுங்க. நம்பர் சொல்லத் தெரியாதவர் கையில ஸ்பேனரைக் குடுக்காதீங்க.