அன்பு மட்டும் போதுமா?

வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் பொருத்த ஒரு தச்சரைக் கூப்பிட்டால், "இதற்கு முன் எங்கே வேலை செய்தீர்?" என்று விசாரித்த பிறகே அவரை உளியை எடுக்க விடுகிறோம். சமையலுக்கு ஆள் வைத்தால் ஒரு வேளைச் சாம்பாரையாவது ருசி பார்க்கிறோம். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையை மாணவர் விடுதியிலோ விளையாட்டு முகாமிலோ கொண்டுபோய் விடும்போது, அங்கே பொறுப்பில் இருப்பவர் அந்த வேலைக்கு என்ன கற்றவர் என்று கேட்பதில்லை. "நல்ல மனுஷர், பிள்ளைகளிடம் பிரியமாக இருப்பார்" என்று நாலு பேர் சொன்னால் திருப்தியடைந்து ஊர் திரும்புகிறோம்.

பிரியம் அவசியந்தான். அது இல்லாதவர் இந்த வேலைக்கு வரவே கூடாது. அது மாத்திரம் போதுமா என்பதுதான் கேள்வி.

வகுப்பில் பாடம் சொல்லும் உபாத்தியாயருக்குப் பயிற்சி வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். 2014-ஆம் வருஷத்து விதிகள் பி.எட். படிப்பை ஒரு வருஷத்திலிருந்து இரண்டு வருஷமாக நீட்டின. மாலையில் பள்ளிக்கூட மணி அடித்த பிறகு அதே பிள்ளைகளை ஏற்றுக் கொள்கிறவருக்கு மட்டும் பயிற்சி எதற்கு என்று நினைப்பது விசித்திரமல்லவா? பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவது பெரும்பாலும் அந்த மணிக்குப் பிறகுதான். இருபது வருஷங்களாகக் கரும்பலகைக்கு முன் நிற்கும் நாம் இதை நன்கு அறிவோம்.

இங்கிலாந்தில் இந்தக் கேள்வி வெகு நாட்களுக்கு முன்பே எழுந்தது. ஆல்பமார்ல் சீமாட்டியின் தலைமையில் அமைந்த குழு 1960-இல் வெளியிட்ட அறிக்கை, இளைஞர்களிடையே முழுநேரமாக வேலை செய்யப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும் என்று வற்புறுத்தியது. அதற்கு அடுத்த வருஷமே லெஸ்டர் நகரில் இதற்கென்று ஒரு தேசியக் கல்லூரி திறக்கப்பட்டது. நம் தேசத்திலும் விதை இல்லாமற் போகவில்லை. 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம் ஆரம்பமாயிற்று. அதன் திட்ட அலுவலர் பெரும்பாலும் தம் வகுப்பு வேலையோடு இதையும் சுமக்கும் ஆசிரியரே. அவருக்கு ஒரு சிறு அறிமுகப் பயிற்சியாவது உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 1993-இல் தோன்றிய ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனத்தை, 2012-ஆம் வருஷத்துச் சட்டம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனமாக்கியது. இளைஞர் வாழ்வைப் பற்றிய முதுகலைப் படிப்புகள் அங்கே நடக்கின்றன. சென்னைக்கு இவ்வளவு அருகில் இப்படி ஒன்று இருப்பது நம்மில் எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்?

பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். ஓர் உதாரணம் சொல்வோம். இரவு ஒன்பது மணிக்கு ஒரு பையன் விடுதிக் காப்பாளரின் அறைவாசலில் வந்து நிற்கிறான். "ஸார், ஒன்று சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள்" என்கிறான். நல்ல மனம் படைத்தவர் உடனே சத்தியம் செய்து விடுவார். பையன் சொல்வதோ, விடுதியில் ஒருவர் தன்னிடம் தகாத முறையில் நடந்து கொண்ட விஷயம். இப்போது காப்பாளர் என்ன செய்வார்? வாக்கைக் காத்தால் பையன் ஆபத்திலேயே இருப்பான். மற்றப் பிள்ளைகளுக்கும் ஆபத்து. வாக்கை மீறினால், அந்தப் பையன் இனிப் பெரியவர் எவரையும் நம்பமாட்டான்.

பயிற்சி பெற்றவர் முதலிலேயே சத்தியம் செய்வதில்லை. "உன் நன்மைக்கு அவசியமானால், தெரிய வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன், அதற்கு முன் உன்னிடம் தெரிவிப்பேன்" என்பார். குறுக்கு விசாரணை செய்யமாட்டார். "நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேட்கமாட்டார். பையன் சொன்னதை அவன் வார்த்தைகளிலேயே எழுதி வைப்பார். சட்டமும் அவருக்குத் தெரிந்திருக்கும். 2012-ஆம் வருஷத்துப் போக்ஸோ சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாதவர்மீது இத்தகைய குற்றம் நடந்ததென்று அறிந்தவர் எவராயினும் போலீஸாருக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தமக்குக் கீழ் உள்ளவர் செய்த குற்றத்தை ஸ்தாபனத்தின் தலைவர் தெரிவிக்காமல் விட்டால், ஒரு வருஷம் வரை சிறைவாசமும் அபராதமும் விதிக்கலாம். ஸ்தாபனத்தின் பெயர் கெடுமே என்று மூடி மறைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

இவற்றில் எதுவும் பிறவியில் வருவதல்ல. கற்றுக் கொள்ள வேண்டியது. ஆகையால் அடுத்த ஜூன் மாதம் பிள்ளையின் பெட்டியையும் படுக்கையையும் விடுதியில் இறக்கும் பெற்றோர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். காப்பாளர் என்ன பயிற்சி பெற்றிருக்கிறார்? ஒரு பிள்ளை காப்பாளரைப் பற்றியே புகார் சொல்ல நேர்ந்தால் யாரிடம் போக வேண்டும்? 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண், பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் எழுதியிருக்கிறதா?

இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. தம் வேலையைக் கற்றுக் கொண்டு வந்தவர் சந்தோஷமாகவே பதில் சொல்வார். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் பெட்டியை இறக்குவதற்கு முன் நாமும் சற்றுத் தயங்குவது நல்லது.