முக்கால் ஹெக்டேருக்கு ஒரு வண்டி

"துண்டு நிலத்துக்கு மெஷின் கட்டுப்படியாகாது. நாலு பேர் நிலத்தைச் சேர்த்துப் போடணும், இல்லாட்டி வித்துட்டுப் போகணும்." டீக்கடை பெஞ்சிலும் இதைக் கேட்கிறேன், வேளாண்மைக் கருத்தரங்குகளிலும் கேட்கிறேன். கேட்டுக் கேட்டு விவசாயியே நம்பத் தொடங்கிவிட்டார். வடிவமைக்க வேண்டியவர்கள் செய்யாமல் விட்டதை வயலின் தலையில் கட்டும் பேச்சு இது.

திருவாரூர்ப் பக்கம் என் சித்தப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர். போன தையில் அறுப்புக்கு, சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை வண்டி பேசியிருந்தார். வழியில் இருக்கும் வயல்காரர் இன்னும் அறுக்கவில்லை. அவர் பயிர்மேல் வண்டி ஏற முடியாது. நான்கு நாள் காத்திருந்தோம். அதற்குள் ஒரு மழை, கதிர் சாய்ந்துவிட்டது. வண்டி இறங்கியபோது வயல் முழுக்கச் சேறு. சுமார் 3 டன் எடை திரும்பிய இடமெல்லாம் பள்ளம், ஒரு வரப்பு காலி. மூலைகளில் வண்டி அறுக்காது என்பதால் சித்தி முந்தின நாளே விரலில் துணி சுற்றிக்கொண்டு கருக்கரிவாளால் நான்கு மூலையையும் அறுத்து வைத்திருந்தார். வாடகையோ மணிக்கணக்கு, அதில் பெரும்பகுதி வண்டி திரும்புவதற்கே போனது. வைக்கோல் நசுங்கிச் சேற்றோடு கலந்து மாட்டுக்கு ஆகாமல் போனது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள். நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டிக் காயவைத்தோம்.

இதில் வயலின் குற்றம் எது? 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. சராசரியே அதுவானால் வண்டியையும் அதற்குத்தானே செய்ய வேண்டும்?

செய்ய முடியும். 1960களில் ஜப்பானிலும் பண்ணைகள் சராசரியாக ஒரு ஹெக்டேர் அளவுதான். அங்குள்ள பொறியாளர்கள் கதிரை மட்டும் உருளைக்குள் விட்டு, தாளை வெளியே பிடித்துக்கொள்ளும் சிறிய அறுவடை வண்டியை உருவாக்கினார்கள். தாளை அரைக்கும் வேலை இல்லாததால் சின்ன எஞ்சின் போதும். வைக்கோலும் முழுசாக வரும். 1970களில் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் கதிரடிக்கும் இயந்திரத்தின் வரைபடங்களைப் பட்டறைகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. ஆசியாவின் பல நாடுகளில் சிறு பட்டறைக்காரர்கள் அதைச் செய்து விற்றார்கள். உடைந்தால் அதே ஊரில் வெல்டிங் வைக்கலாம், பாகத்துக்காகச் சென்னைக்கு போன் போட வேண்டாம். நிலைத்து உழைக்கும் இயந்திரம் என்றால் எனக்கு அதுதான்.

"இங்கும்தான் சின்ன மெஷின் விற்கிறதே" என்பார்கள். ஆமாம், தோளில் மாட்டும் புல்வெட்டியில் வட்ட பிளேடைப் பூட்டி விற்கிறார்கள். ஏழெட்டுக் கிலோ ஒரே தோளில் தொங்கும். அரை மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துப்போகும், புகை முகத்தில் அடிக்கும், இடுப்பை இப்படியும் அப்படியும் முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். டெல்டாவில் கையறுப்பு பெரும்பாலும் பெண்கள் வேலை. அவர்கள் தோளையும் கைப்பிடி உயரத்தையும் யாராவது அளந்து பார்த்தார்களா? சித்தி ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்துவிட்டார்.

அறுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது உண்மை, மறுக்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன். வரப்பு தாண்ட இரண்டு பேர் தூக்கக்கூடிய, சேற்றில் புதையாத, நாலைந்து வீட்டார் சேர்ந்து வாங்கக்கூடிய அறுவடைக் கருவியை வேளாண் பொறியியல் கல்லூரிகள் தங்கள் முதல் வேலையாக எடுக்கட்டும். பம்புசெட் செய்து பழகிய கோயம்புத்தூர்ப் பட்டறைகள் இருக்கின்றன. பெரிய வண்டிகளுக்குப் போகும் மானியத்தில் ஒரு பங்கை அரசு இதற்குத் திருப்பட்டும். அதுவரை, வரும் தையிலும் வண்டி இறங்குவதற்கு முந்தின நாள் சித்திதான் குனிந்து மூலை அறுத்துக் கொடுக்க வேண்டும். அவருக்கு அறுபத்திரண்டு வயது.